எலிக்காய்ச்சலுக்கு ஓர் ஊசி

சம்பா நடவுக்காக வயலில் இறங்கி, வரப்போரத்தைச் செதுக்கி அண்டை வெட்டிவிட்டு வந்த அப்பாவுக்குக் கடுங்காய்ச்சல் என்று அம்மா போன் செய்தபோது, நான் தஞ்சாவூர் ஆய்வுக்கூடத்தில் வெள்ளெலிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருக்குடி. கெண்டைக்கால் வலி தாங்கலங்கிறாரு."

எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொடங்கும். நாங்கள் தடுப்பூசி தேடிக்கொண்டிருந்ததும் அதே நோய்க்குத்தான்.

எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரிலிருந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாக ஏறுகிற கிருமி அது. அதன் மேலுறைப் புரதத்தை நானோ துகள்களில் பொதிந்து ஊசியாகப் போட்டால், உடம்பு அதை அடையாளம் கண்டு முன்கூட்டியே தயாராகிவிடும் என்று நம்பினோம். ஊசி போட்ட வெள்ளெலிகளுக்கும் போடாதவற்றுக்கும் அந்த வாரம்தான் கிருமியைச் செலுத்தியிருந்தோம்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாபநாசம் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. "சீக்கிரமா கூட்டிட்டு வந்துட்டீங்க. இனிமே கிட்னியைத்தான் கவனிக்கணும்" என்றார் டாக்டர். என்னால் உட்கார முடியவில்லை. அப்பா தூங்கினால் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். விழித்தால் ஒன்றுக்குப் போனாரா என்று கேட்டேன். நடுநடுவே வராந்தாவுக்குப் போய், ஆய்வுக்கூடத் தோழியிடம் எலிகளைப் பற்றி விசாரித்தேன்.

அம்மா பின்னாலேயே வந்தாள். "நீ செய்யிற ஊசிய அப்பாவுக்குப் போடக் கூடாதா?"

"அது நோய் வர்றதுக்கு முந்திப் போடுறதும்மா. மனுசங்களுக்குப் போடுற அளவுக்கு இன்னும் வரவும் இல்ல."

"அப்ப இத்தன வருசமா என்னதான் பண்றீங்க?"



காய்ச்சல் இறங்கியதும் அப்பா கேட்டார், "யாருக்கு ஓயாம போன் பண்ற?"

"லேபுக்குப்பா. எலிங்க எப்படி இருக்குன்னு."

"நான் வயல்ல கிட்டி வச்சு எலியப் புடிக்கிறேன். நீ அங்க ஊசி போட்டு அதக் காப்பாத்துறியா?" சிரித்தவருக்கு இருமல் வந்துவிட்டது. நான் தண்ணீர் கொடுத்தேன்.

அப்பா பிழைத்தார். ஊசி போட்ட வெள்ளெலிகளும் பெரும்பாலும் பிழைத்தன. ஆனால் அறுத்துப் பார்த்தபோது அவற்றின் சிறுநீரகத்தில் கிருமி அப்படியே இருந்தது. சாவைத் தடுத்த ஊசியால் தொற்றைத் தடுக்க முடியவில்லை. துகளின் அளவை மாற்றி மறுபடியும் தொடங்கினோம்.

நான் வாங்கிக்கொடுத்த ரப்பர் பூட்ஸை அப்பா முதல் நாளே வரப்பில் கழற்றி வைத்துவிட்டார். "சேறு புடிச்சு இழுக்குது, நடக்கவே முடியல" என்றார்.

மழை பெய்தால் எனக்கு வேலை ஓடுவதில்லை. போன் செய்து, "கால்ல காயம் ஏதும் இருக்காப்பா?" என்று கேட்கிறேன்.

"ஒண்ணும் இல்ல" என்று உடனே சொல்லிவிடுகிறார். குனிந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாரா என்று தெரியவில்லை.