சனிக்கிழமை மாத்திரை

எனக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவளை மட்டும்தான் வேண்டிப் பெற்றோம். மற்ற மூன்றும் பப்பாளிக்காயையும், தாய்ப்பாலையும், "நான் பாத்துக்கிறேன்டி" என்ற என் வீட்டுக்காரர் வாக்கையும் நம்பியதில் வந்தவை. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சம். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

கடைசி மகனுக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் இறங்குவான், திங்கள் விடியலில் ஏறிவிடுவான். மருமகளும் நானும் போடியில் சரக்கு அடுக்கும் ஒரு கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரிக்கிறோம். இரண்டாவது பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்காமல் போய், பிழைத்ததே பெரிய காரியம். இப்போதைக்கு இன்னொன்று கூடவே கூடாது என்று சொல்லித்தான் டாக்டரம்மா மாத்திரை கொடுத்திருந்தார்.

போன மாசம் ஒருநாள் காலையில் முறத்தைத் தள்ளிவிட்டு வெளியே ஓடி வாந்தி எடுத்தாள்.

"என்னடி, ஏலக்கா வாசம் ஒத்துக்கலையா? பொறந்ததுலருந்து இதுலதான கெடக்க?" என்றாள் ஒருத்தி.

"வாசமில்லக்கா. சனிக்கிழம ஜீப்புல வந்த லோடு!" என்றாள் இன்னொருத்தி. கிட்டங்கியே சிரித்தது. மருமகள் சிரிக்கவில்லை. குழாயடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே, நாள் தள்ளிப்போச்சு. இந்தத் தடவ நான் பொழைக்க மாட்டேன்."

"மாத்திரதான் போடுறியே, புள்ள?"

"வாரம் தவறாம போடுறேன்."

"வாரமா?"

"ஒங்க மகன் சனிக்கிழமதான வர்றாரு? மத்த நாளு எதுக்கு வீணா முழுங்கணும்?"

அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சிறுநீரைச் சோதித்த நர்சம்மா வரும் வரை நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கர்ப்பமில்ல. கண்டபடி முழுங்குனதுல நாளு முன்னபின்ன ஆயிருக்கு, வயிறும் பெரட்டிருக்கு. ஒன்னயக் காப்பாத்துனது சாமி, மாத்திர இல்ல. புருஷன் கட்டில்ல இருந்தாலும் மலையில இருந்தாலும் தெனமும் போட்டாத்தான் அது கேக்கும். உனக்குக் காப்பர்-டிதான் சரி. ஒருக்கா வச்சுட்டா வருஷக்கணக்குல கவலையில்ல, தவறுறது அபூர்வம்."

மருமகள் யோசித்தாள். "அக்கா, அதச் சனிக்கிழம மட்டும் வச்சுக்கிட்டு..."

நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நாளு வந்து தூரமானதும் வா, வச்சு விடுறேன். அதுவரைக்கும் இது." ஒரு கை நிறைய ஆணுறைகளை அள்ளி என் கூடையில் போட்டார். "ஒவ்வொரு தடவையும் போடணும். வீட்டுக்காரர்ட்ட சொல்லு."

"அத்தே சொல்லுவாக," என்றாள் அந்தப் படுபாவி.

சனிக்கிழமை வந்தது. ஜீப்பில் வந்து இறங்கியவன் கை கால் கழுவிக்கொண்டு, "ஆத்தா, சோத்தக் கொண்டா," என்றான். சோற்றுக்கு முன்னால் கூடையை வைத்தேன். உள்ளே பார்த்தவன் காது சிவந்தது.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "உங்கப்பன் பாத்துக்கிறேன்னு சொன்னதுலதான் நீ வந்த. நீயும் பாத்துக்கிறேன்னு சொல்லாத. ஒவ்வொரு தடவையும் போடு."

வாழ்க்கையில் இந்தச் சங்கதியை அவனிடம் நான் வாய்விட்டுப் பேசியது அன்றைக்குத்தான். சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த வாரம் மருமகள் கிட்டங்கி வாசலிலேயே என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். தூரமாகிவிட்டாள். அன்று எல்லோருக்கும் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கூச்சமாக இருந்தது, சொல்லவில்லை.