துருத்தி நின்ற ஞாயிறு

எங்கள் தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவருக்கு ஒரு விதி உண்டு. திருவிருந்தின்போது கடைசி ஆள் பீடத்தை விட்டு எழும்வரை வாசிப்பு நிற்கக் கூடாது. வாசிப்பவர் எல்லோருக்கும் பிறகே அப்பம் வாங்க வேண்டும். கச்சிராயபாளையத்தில் இத்தனை வருஷத்தில் ஒருமுறைதான் அதை மீறினேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலைகளில் மரம் வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. திருக்கோவிலூரில் ஹாஸ்டலை மூடியதால் மகள் சுகந்தி சனிக்கிழமை காலை பஸ் ஏறினாள். இரவாகியும் வரவில்லை. தேடிக்கொண்டு தியாகதுருகம் பக்கம் சைக்கிளில் போனேன். ரோட்டில் புளியமரம் கிடந்தது. அங்கு நின்றவர்கள் என்னைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஞாயிறு காலை மனைவி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாள். நான் ஆலயத்துக்குப் போனேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

திருவிருந்துப் பாட்டை இரண்டு கட்டையில் எடுத்தேன். சுருதி சரிதான். வேகம்தான் சரியில்லை. சபை மூப்பர் அருகில் வந்து குனிந்தார்.

"மாஸ்டர், கொஞ்சம் மெதுவா. அப்பத்த வாயில வச்சிக்கினு ஓடவா முடியும்?"

குறைத்தேன். பாட்டில் இரண்டு அடி போவதற்குள் கை மறுபடி ஓடியது.

நான்காவது வரிசை எழுந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். மனைவிக்குப் பின்னால் சுகந்தி வந்துகொண்டிருந்தாள். பாவாடையெல்லாம் புழுதி. காலில் செருப்பு இல்லை. இருவரும் பீடத்தருகே முழங்காலிட்டார்கள்.

துருத்தியில் காற்றடித்துக்கொண்டிருந்த என் இடது கை நின்றுவிட்டது. ஆர்மோனியம் அடங்கியது. பாட்டு அடங்கவில்லை. சபை அதே சுருதியில் பாடியது, என்னைவிட நிதானமாக.

பாடகர் குழு எஸ்தரம்மா திரும்பினார். "இன்னும் இன்னாத்துக்கு உக்காந்துகினு இருக்கீங்க? போங்க மாஸ்டர். நாங்க பாடிக்கிறோம்."

போய் மகளுக்கு அருகில் முழங்காலிட்டேன்.

"ராத்திரி எங்கம்மா இருந்த?"

"மரம் வெட்னவங்க வூட்லதாம்பா. சோறு போட்டாங்க. காலைல அந்த வூட்டு அண்ணனே சைக்கிள்ல கொண்ணாந்து வுட்டாரு."

கிண்ணத்தோடு நின்ற போதகர், "மொதல்ல வாங்கிக்கங்க, கதைய அப்பறம் பேசலாம்" என்றார்.

புதிதாக வாசிக்க வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். சுருதியைச் சரியாகக் கொடுத்துவிடுங்கள். மற்றதைச் சபை பார்த்துக்கொள்ளும். இது தெரிந்தும், சுகந்தி ஊருக்கு வரும் நாளில் பஸ் தாமதமானால் என் வாசிப்பு இன்னும் ஓடுகிறது. மூப்பர் இன்னும் வந்து குனிகிறார்.