மூன்றாம் வருஷத்தை விளங்கப்படுத்திய லீவு

இஞ்சினியரிங் படிக்கிறவனுக்குப் பாடத்தைவிடக் கஷ்டமான தொழில் ஒன்று உண்டு. லீவில் வீட்டுக்கு வந்து, தான் என்ன படிக்கிறேன் என்று பெற்றோருக்கு விளங்கப்படுத்துவது. என்னைப் போல மாட்டுப்பட்டவர்களே, உங்கள் வீட்டுக் கூத்தும் எனக்குத் தெரியும். அறுபதுகளின் கடைசியில் மண்டூரில், எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

ஒரே பஸ்

மாமாவின் மகன் கணேசனும் நானும் ஒரே நாளில், ஒரே பஸ்ஸில் கம்பசுக்குப் போனவர்கள். அவன் மூன்று வருஷத்தில் பி.ஏ. முடித்துக்கொண்டு வந்துவிட்டான். மாமி ஊருக்கே பொங்கிக் கொடுத்தா. நானோ மூன்றாம் வருஷ லீவில் வெறுங்கையோடு வந்து நின்றேன்.

எங்கள் படிப்பு நாலு வருஷம் என்றேன். கெட்டிக்காரனுக்கு எதற்கு ஒரு வருஷம் கூட என்று அப்பா கேட்டார். இஞ்சினியரிங்குக்கு நாலு வருஷம்தான் என்று கணேசனே வந்து சாட்சி சொன்னான். "நீங்க மச்சான்மார், ஒராள ஒராள் காட்டிக் குடுப்பியளா?" என்று அப்பா அவனை அனுப்பிவிட்டார். நான் பெயில், சொல்லப் பயந்து மறைக்கிறேன் என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்.

"ஒரே பஸ்ஸில ஏறின ரெண்டு பேரில ஒராள் வந்திட்டான். நீ இடையில எங்க மனே இறங்கினாய்?"

அம்மாவின் நேர்த்தி

நான் படித்து முடித்ததும், இந்த வருஷத் திருவிழாவில் என்னைக் கொண்டு காவடி எடுப்பிப்பதாக அம்மா எங்களூர்க் கந்தசாமிக்கு நேர்ந்திருந்தா. படிப்பு மூன்று வருஷம் என்ற கணக்கு மாமியிடம் கேட்டது. படிப்பு முடியாமல் எடுத்தால் சாமிக்குப் பொய் சொன்னதாகும். எடுக்காவிட்டால் சொன்ன சொல் தவறும். அம்மா குழம்பினா. பார்த்துக்கொண்டிருந்த நானும் குழம்பினேன்.

அடுத்த வருஷம் எடுக்கிறோம் என்று கோயிலில் சொல்லிவிடுங்கள் என்றேன். எங்கள் கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார்.

"பூசை செய்றவரே வாயக் கட்டிக்கொண்டு நிக்கிற இடத்தில, நான் வாயத் துறந்து தவணை கேக்கவா?"

கம்பு பிடித்த வேலை

மூன்றாம் வருஷ லீவில் வெளியே வேலை பழக வேண்டும். எனக்கு வாய்த்தது அப்பா வயல் செய்கிற வட்டைக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால். வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் கரையில் குடைக்குக் கீழ் நின்று கருவியால் மட்டம் பார்ப்பார். நான் முழங்கால் சேற்றில் அளவுக்கம்பை நிமிர்த்திப் பிடித்தபடி நிற்க வேண்டும்.

ஒருநாள் அப்பாவும், வட்டைக்குத் தண்ணீர் பங்கிடும் விதானையாரும் வரம்பால் வந்தார்கள். அப்பா கம்பையும் சேற்றையும் பார்த்தார். சால்வையால் முகத்தைத் துடைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கம்பை விட்டால் ஓவசியர் கத்துவார். விதானையார்தான் அப்பாவைத் தேற்றினார்.

"கவலப்படாத. பெயிலான புள்ளைக்கும் கவண்மேந்தில கம்பு பிடிக்கிற வேல கிடைச்சிரிக்கே."

துறையடி

நாலாம் வருஷத்துக்கு அப்பா அனுப்புவாரோ என்று பயந்து பயந்து பெட்டியைக் கட்டினேன். அவரே அதைத் தூக்கிக்கொண்டு, அக்கரை பஸ்ஸுக்குத் தோணி ஏறும் துறைக்கு வந்தார். தோணியில் ஏறுமுன் மண்ணில் நாலு கோடு கீறினேன். மூன்று பாஸ், இன்னும் ஒன்றுதான் மிச்சம் என்று காட்டினேன். அப்பா கோடுகளை நன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். அப்பாடா, விளங்கிவிட்டது என்று ஏறிக்கொண்டேன். தோணி கரையை விட்டதும் கூப்பிட்டுச் சொன்னார்.

"மனே, அடுத்த முறையும் பெயிலெண்டா ஒளிச்சுத் திரியாத. நேர வீட்ட வா."

மூன்று வருஷ இஞ்சினியரிங்கில் எனக்குத் தெளிவாக விளங்கியது அந்த ஒரு வசனம்தான்.