கோர்ட்டில் உம் கொட்டியவன்

மொழியியல் படித்துவிட்டு வேலை இல்லாமல் காஞ்சிபுரத்தில் சுற்றிக்கொண்டிருந்த எழுபதுகளில், அந்தப் படிப்பைப் பற்றிப் பேசுவதுதான் என் முழுநேரத் தொழில். நான் எதிரே வந்தால் சைக்கிள்கள் சந்துக்குள் திரும்பிவிடும். எதிர்வீட்டு அண்ணன் ஒருவர்தான் கடைசிவரை கேட்பார். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர் எங்கே ஓடுவார்?

அந்த அண்ணனுக்கு ஒரு வழக்கு வந்தது. எங்கள் தெருவில் விடியற்காலையில், தறியில் ஏற்ற வேண்டிய பட்டு இழைகளை, அதாவது பாவு, தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைப் பார்த்து முடிச்சுப் போடுவார்கள். மூலைவீட்டுக்காரர் தம் வாசலுக்குப் புதிதாகப் படி கட்டித் தெருவுக்குள் நீட்டிவிட்டார். பாவு அதில் முட்டிக்கொண்டு நின்றது. வேறு தெருவில் அண்ணனைச் சேர்க்க மாட்டார்கள். இந்த இடம் போனால் தறியே நின்றுவிடும். அண்ணன் கோர்ட்டுக்குப் போனார். மூலைவீட்டுக்காரர் அங்கே சொன்ன பதில் இது: “கட்டறதுக்கு முன்னாடியே இவர்கிட்ட சொன்னேங்க. எல்லாத்துக்கும் உம் உம்னு ஒத்துக்கினாரு.”

அது பொய் இல்லை என்பதுதான் தொல்லை. அவர் வந்து பேசியபோது அண்ணனின் கை குறுக்கிழை ஓட்டும் நாடாவில் இருந்தது, கால் மிதிபலகையில் இருந்தது, கண் ஜரிகையில் இருந்தது. மிச்சம் இருந்த வாயால் உம் கொட்டினார். எங்கள் ஊரில் ஒருவர் பேசும்போது உம் கொட்டாவிட்டால் பெரிய அவமரியாதை. பாதியில் நிறுத்தி, காது கேட்கிறதா என்று விசாரிப்பார்கள்.

எனக்கு ஒரே குஷி. அந்த உம் சம்மதம் இல்லை, ‘காது இங்கேதான் இருக்கிறது, மேலே சொல்’ என்ற வெறும் அறிவிப்பு என்று அண்ணனின் வக்கீலிடம் போய் ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “தம்பி, நீங்க கூண்டுல ஏறி இதைச் சொன்னா நம்ம கேஸ் தோத்துடும்பா” என்றார். வேண்டுமானால் கடைசி பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்காரலாம் என்று அனுமதி கொடுத்தார். உட்கார்ந்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அருமையான குரல். ஒவ்வொன்றையும் இழுத்துச் சொல்லி, நிறுத்தி, அடுத்ததற்குப் போவார். என் கட்சிக்காரர் நேரில் போய்ச் சொன்னார் என்றார். படி எதுவரை வரும் என்று கையால் காட்டினார் என்றார். வாதி முழு மனதோடு சம்மதித்தார் என்றார். இனி அங்கே அவருக்கு ஒரு பாத்தியதையும் கிடையாது என்றார். அவர் நிறுத்திய இடங்களில் எல்லாம் யாரோ உம் கொட்டுவது என் காதிலும் விழுந்தது. எவன் அந்த அறிவுகெட்டவன் என்று திரும்பினேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். கோர்ட் சேவகரான டவாலி என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். எழுந்தேன்.

“யாருய்யா நீ? வாதிக்கு வேண்டியவனா?”

“ஆமாங்கய்யா. எதிர்வீடு.”

“அப்போ வக்கீல் சொன்னதையெல்லாம் நீ ஒத்துக்கிறியா?”

படித்த படிப்பில் ஒரு வரிகூட வாய்க்கு வரவில்லை.

“இல்லீங்கய்யா. அவர் சொல்லிக்கினு இருந்தாரு, நான் கேட்டுக்கினு இருந்தேன்.”

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்காமல் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு மூலைவீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அன்றைக்கு அண்ணன் வேறு ஏதாவது பேசினாரா, தறியை நிறுத்தினாரா, தலையையாவது நிமிர்த்தினாரா என்று கேட்டார். இல்லை, இல்லை, இல்லை என்றே பதில் வந்தது. அதற்குள் டவாலி என்னை வெளியே தள்ளிவிட்டார்.

தீர்ப்பில் படியை இடிக்கச் சொல்லிவிட்டார்கள். இடித்த மறுநாள் விடியற்காலையில் பாவு பழையபடி தெரு நீளத்துக்கும் போனது. “இன்னாமா நடிச்சாம்பா! கூட இருந்த எனக்கே தெரியல” என்று அண்ணன் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் நான் முன்கூட்டியே போட்ட திட்டம் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. இவ்வளவு பேர் ஒருமித்துச் சொல்வதை மறுத்துப் பேசுவது மரியாதையாக இருக்காது என்று எனக்குப் பட்டது.