ததேயு அண்ணனின் கணையம்

ரத்தம் எடுக்கிற வேலைக்குக் கை நடுங்கக் கூடாது. நாக்கு நடுங்கினால் யாரும் கண்டுகொள்வதில்லை. அதை நம்பித்தான், நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், பி.எஸ்ஸி. முடித்த கையோடு நாகர்கோவிலில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனையின் லேபில் சேர்ந்தேன். ஊசியும் டியூபுமாக உட்கார்ந்திருக்கும் சகாக்களே, நம்மைப் பார்த்ததும் சிரித்த நோயாளி யாராவது உண்டா?

வெறும் வயிறு

ததேயு அண்ணன் ஆழ்கடலுக்குப் போட்டில் போகிறவர். மூன்று மாதம் முன்பு மூச்சிரைத்து, நினைவு தப்பி, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிய நிலையில் அவரைத் தூக்கி வந்தார்கள். பிழைத்தார். அன்றிலிருந்து இன்சுலின். ஊசி போடுகிறவனை இருபது நாள் கடலுக்குக் கூட்டிப்போக முடியாது, நடுக்கடலில் மயங்கினால் யார் பார்ப்பது என்று போட்டை ஓட்டும் ஸ்ராங்கு சொல்லிவிட்டார். டாக்டரம்மா இரண்டு சோதனை எழுதினார். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே தாக்குகிறதா என்று காட்டும் எதிர்ப்பொருள் சோதனை ஒன்று. அந்தச் செல்களுக்கு இன்னும் தெம்பு இருக்கிறதா என்று காட்டும் சி-பெப்டைடு இன்னொன்று. எதிர்ப்பொருள் இல்லாமல், தெம்பும் இருந்தால் ஊசியைக் குறைத்துப் பார்க்கலாம்.

“வெறும் வயிறுதானே அண்ணே?”

“ஆமா மக்கா.”

கையில் ரப்பரைக் கட்டி நரம்பைத் தேடும்போது அவர் மூச்சில் சுக்கும் கருப்பட்டியும் மணத்தன. கருப்பட்டிக் காப்பி உள்ளே போனால் சி-பெப்டைடு ஏறிவிடும். அதை வெறும் வயிற்று அளவு என்று நம்பி ஊசியைக் குறைத்தால் ஆபத்து. ரப்பரை அவிழ்த்துவிட்டு, நாளைக்கு வாருங்கள் என்றேன். இரண்டு பஸ் மாறி வந்திருந்த அவர் மனைவி செல்வி அக்காவுக்குக் கோபம் தாங்கவில்லை.

“காப்பி என்ன சாப்பாடாட்டி? காப்பி குடிக்காம மனுஷன் எப்பிடி கண்ணு முழிப்பான்?”

மீன் பெட்டி

மறுநாள் அண்ணன் காப்பி இல்லாமல், கடுகடுவென்ற முகத்தோடு, அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். ரத்தத்தை எடுத்துச் சுழற்றி, தெளிந்த நீரைப் பிரித்து வைத்தேன். அதைக் குளிரிலேயே சென்னைக்கு அனுப்ப வேண்டும். அப்போது பார்த்துப் போன கரண்ட் மத்தியானம் வரை வரவில்லை. பக்கத்து ஆரல்வாய்மொழியில் கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கும். எங்கள் ஃபிரிட்ஜில் ஐஸ் பைகள் தண்ணீராகிக் கிடந்தன. “நேத்தே எடுத்து அனுப்பியிருந்தா இந்தத் தொல்லை உண்டா? காப்பி குடிச்சது யாருக்குத் தெரியப் போவுது?” என்றார் லேபின் சீனியர் சார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மீன் விற்கிற செல்வி அக்கா சந்தைக்குப் போய், ஒரு தெர்மோகோல் பெட்டி நிறைய ஐஸோடு வந்தார். லேப் முழுக்கச் சாளை மீன் மணம். டியூபுக்கு மூன்று உறை போட்டு ஐஸுக்குள் புதைத்தேன். சார் மூக்கைப் பொத்தினார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“நெய்மீன மூணு நாளு கெடாம வைக்கியோம் சாரே, எனக்க மாப்பிளைக்க ரத்தத்த வைக்க மாட்டமா?”

ஸ்ராங்கு

முடிவு வந்தது. எதிர்ப்பொருள் இல்லை, செல்களும் தெம்பாக இருந்தன. டாக்டரம்மா ஊசியைப் படிப்படியாகக் குறைத்தார். வாராவாரம் சர்க்கரையும் கீட்டோனும் பார்த்தது நான்தான். கீட்டோன் இருந்தால் ஸ்ட்ரிப்பின் நிறம் மாறும்; ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பேன். மாறவில்லை. நாலாவது மாதம் மாத்திரை மட்டும் போதும் என்றானது.

ஸ்ராங்கு நம்பவில்லை. கடலுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா கொடுத்த சீட்டோடு அண்ணனையும் இழுத்துக்கொண்டு லேபுக்கே வந்து, வரிசையில் நின்றவர்கள் முன்னால் கேட்டார்: “நீ சொல்லு பிள்ளே. இவன் எனக்க போட்டுல விழுந்து செத்தா?”

சீனியர் சார் அன்று லீவு. சொல்லட்டுமா என்று அண்ணனைப் பார்த்தேன், தலையசைத்தார். எழுந்து நின்றேன். சர்க்கரை ஏறிய வேகத்தில் அன்று செல்கள் அசந்துதான் போயிருந்தன, சாகவில்லை, இப்போது சுரக்கின்றன என்றேன். மாத்திரையை விடக் கூடாது, கடலிலும் மெஷினில் சர்க்கரை பார்க்க வேண்டும், வாந்தியோ மூச்சிரைப்போ வந்தால் அப்போதே கரைக்குத் திரும்ப வேண்டும் என்றேன். “மீன் எவ்வளவு கிடைச்சாலும் போட்டைத் திருப்புவீங்களா?” என்றும் கேட்டேன். ஸ்ராங்கு சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

“வியாழக்கிழமை விடியக்காலம் வந்து ஏறுலே. வாந்தி எடுத்தியோ, வலைய அறுத்துப் போட்டுட்டுப் போட்டைத் திருப்பிருவேன், சொல்லிட்டேன்.”

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் ‘பிள்ளை பேசவே மாட்டேங்குதே’ என்று சொல்லிப் போனது உண்மைதான்; அவர்களில் ஒருவர்கூட என்னிடம் கணையத்தைப் பற்றிக் கேட்கவில்லை.