நிறைந்த மூட்டை

கரியண்ணனுக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எங்கள் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பதினோரு வருடமாகக் கரி சுமந்தவர். லாரியிலிருந்து புதுக் கரியை இறக்கித் தொட்டியில் கொட்டுவது மட்டும்தான் அவர் வேலை. "என் கல்யாண மாலையே கறுத்துப்போச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் நிலத்தடி நீரில் யுரேனியம் இருக்கிறது. தண்ணீர் தொட்டிக்குள் இறங்கும்போது கரி அதைப் பிடித்துக்கொள்ளும். மூன்று மாதத்தில் கரி ஓய்ந்துவிடும். அப்புறம் புதிதாகப் பிடிக்காது; பிடித்ததையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரிலேயே விட்டுவிடும். முகமூடி போட்ட வேறு ஆட்கள் வந்து அதை அள்ளி மூட்டை கட்டி வேலிக்கு அப்பால் அடுக்குவார்கள். பழைய மேற்பார்வையாளர் அந்த மூட்டைகளில் சுண்ணாம்புக்கட்டியால் 'செத்தது' என்று எழுதுவார். நாய்கூட அந்தப் பக்கம் போகாது.

புதிதாக வந்த மேற்பார்வையாளர் மெத்தப் படித்தவர். 'செத்தது' என்ற சொல் அவருக்கு அசிங்கமாகப் பட்டது. 'நிறைந்தது' என்று எழுதச் சொன்னார். பாதுகாப்பு என்று சொல்லி, புதுக் கரி இருந்த கொட்டகைக்கே மூட்டைகளை மாற்றிப் பூட்டும் போட்டார்; புதுக் கரி எடுக்க ஒரு சாவி கரியண்ணனிடம் இருந்தது. எதனால் நிறைந்தது என்று யாருக்கும் சொல்லவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

கரியண்ணனின் மகளுக்குப் பத்து வயது. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருந்தது. சுத்தமான தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். அவர்கள் தெருவுக்கு எங்கள் குழாய் போகவில்லை, கிணறுதான். குடத்தில் தண்ணீர் எடுத்துப் போனால் வாசல் காவலாளி விடமாட்டான். கரி மூட்டையோடு போகும் கரியண்ணனை யார் பார்க்கப்போகிறார்கள்?

நான் பார்த்தேன். ஆய்வகத்தில் தண்ணீரை அளந்து பார்க்கிறவள் நான்.

"தங்கச்சி, பாப்பாவுக்காகத்தான். வாயத் திறந்துடாத."

"போங்கண்ணே, நான் எதையும் பாக்கல."

புதுக் கரி என்றுதான் நினைத்தேன். சுண்ணாம்பு எழுத்து அவர் முதுகுப் பக்கம் இருந்தது. திருப்பிக் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நல்லவளாக இருக்க ஆசைப்பட்டுக் கேட்காமல் விட்டேன்.

வீட்டில் ஒரு டிரம்மின் அடியில் ஓட்டை போட்டு, மணலும் கரியும் நிரப்பி, கிணற்றுத் தண்ணீரை அதில் வடித்தார். இரண்டு மாதத்தில் பிள்ளையின் முகம் வீங்கிவிட்டது. அப்போதும் அவருக்குக் கரிமேல் சந்தேகம் வரவில்லை. தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, "எவ்வளவு சுத்தம்னு பாத்துச் சொல்லு" என்றார்.

அளந்தேன். நம்பாமல் மறுபடியும் அளந்தேன்.

"எந்த மூட்டைண்ணே எடுத்தீங்க?"

"நிறைஞ்சதுன்னு எழுதியிருந்துச்சே, அதுதான். அது வந்தப்புறம்தான் பூட்டே போட்டாங்க, ஒசத்தி சரக்காத்தானே இருக்கும்?"

'நிறைந்தது' என்றால் பழைய 'செத்தது'தான் என்று சொன்னேன். வேறு வழியில்லை. பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்டார்.

"கிணத்துத் தண்ணியவே குடுத்திருந்தா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இது அதைவிட ஒம்பது மடங்கு விஷம்ணே."

"கசக்குதுன்னு அழுதா தங்கச்சி. அடிச்சுக் குடிக்க வச்சேன்."

மேற்பார்வையாளர் திருட்டு என்று எழுதி அவரை வேலையை விட்டு நிறுத்தினார். "தமிழ் படிக்கத் தெரியாதா?" என்றும் கேட்டார். படித்துத்தான் எடுத்தார் என்று சொல்ல நினைத்தேன்; எனக்கும் வேலை வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் பிள்ளையிடம் தம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள். அது வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டியது. கரியண்ணன் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தண்ணி வேணாம்" என்றது பிள்ளை. "எங்கப்பா வடிச்ச தண்ணி குடுங்க. இனிமே அழாமக் குடிக்கிறேன்."