யாரோ ஒருத்தியின் படங்கள்

கிருத்திகையன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் போனில் படங்களைத் தள்ளினார். ஒருத்தி நைட்டியில் ஈரத்தலை துவட்டுகிறாள்; அடுத்த படம் அவளுடைய ஆதார் கார்டு.

“உங்க பொண்ணா சார்?”

“யாரோ! இது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின போனு. வித்த பொண்ணு அக்கவுண்ட்ட எடுக்காம வுட்டுட்சி. அது புது போன்ல இன்னா எடுத்தாலும் கிளவுடுல ஏறி இங்கயும் வந்துடுது.”

“பாவம் சார், அந்த அக்கவுண்ட்ட எடுத்துடுங்க.”

“நானா திருடினேன்? தானா வருது. ஓசி சினிமா சார்!”

என் மகளின் கல்யாணத்துக்காக வேண்டிக்கொள்ள வந்த நான், சன்னிதியில் அதைக் கேட்கவில்லை. ‘முருகா, ஊர் பேர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு இதை யாராவது சொல்லட்டும்’ என்றேன். பக்கத்திலேயே அவர் கண்ணீர் வழியக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எடுத்த தட்டிலேயே விபூதி எடுக்க எனக்குக் கை கூசியது.